ரேஷன் புத்தகமும் வெற்றுத் தோட்டாவும்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷையரில், பிக்கரிங் என்ற சிற்றூரிலிருந்து கிராஸ்மான்ட் வரை சுமார் 29 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய ரயில்பாதை இருக்கிறது. 1973 முதல் பாரம்பரிய ரயில்வேயாக நீராவி இன்ஜின்களோடு இயங்கிவரும் இதில் பெரும்பங்கு உழைப்பு தன்னார்வலர்களுடையது. பல ஆண்டுகள், அக்டோபர் மாத வார இறுதியொன்றில் இந்தப் பாதையின் நிலையங்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு மாறிவிடுவது வழக்கமாக இருந்தது. நடைமேடையில் மணல் மூட்டைகள் அடுக்கப்படும். ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கு நெடுக்காகக் காகித நாடா ஒட்டப்படும். கம்பளிச் சீருடையில் படைவீரர்களும், சட்டையில் பெயர்ச் சீட்டு குத்திய குழந்தைகளும், அட்டைப்பெட்டியில் விஷவாயு முகமூடியைச் சுமந்த பெண்களும் ரயிலுக்குக் காத்திருப்பார்கள். செவர்ன் பள்ளத்தாக்கு ரயில்வே, நார்ஃபோக்கின் ஷெரிங்கம், பிரான்டே சகோதரிகளின் ஊரான ஹாவொர்த், டெர்பிஷையரின் கிரிச் டிராம் அருங்காட்சியகம் என்று பிரிட்டனின் பல இடங்கள் இத்தகைய ‘1940கள்’ வார இறுதிகளை நடத்தியிருக்கின்றன.

இதை வாழும் வரலாறு என்றும் மீள்நிகழ்த்தல் என்றும் சொல்கிறார்கள். கல்வித்துறை வரலாற்றாசிரியர்கள் பலருக்கு இதன்மீது நம்பிக்கை இல்லை. மாறுவேடப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். பங்கேற்பவர்களோ, புத்தகம் தராத ஓர் அறிவை இது தருவதாக உறுதியாக நம்புகிறார்கள். இரு தரப்பின் பேச்சிலும் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி எங்கே பொருந்துகிறது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் வாதம் இது: போர்க்காலத்தின் அன்றாட வாழ்க்கையை, அதாவது சமையலறையையும் வரிசையையும் இருட்டையும், மீள நிகழ்த்த முடியும், அதிலிருந்து மெய்யான அறிவு கிடைக்கிறது. போர்க்களத்தை மீள நிகழ்த்த முடியாது. முயலும்போது வரலாறு சிதைகிறது.

படைவீரர்களிடமிருந்து பார்வையாளர்களுக்கு

போரைத் திரும்ப நடத்திப் பார்க்கும் ஆசை புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆனபோது, 1913 ஜூலையில் 50,000-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் அந்த ஊரில் கூடினார்கள். ‘பிக்கெட் தாக்குதல்’ நடந்த வயல்வெளியில் தென்மாநில முதியவர்கள் மீண்டும் நடந்தார்கள். கல்சுவரின் மறுபக்கம் நின்ற வடமாநில முதியவர்களோடு கைகுலுக்கினார்கள். நெகிழ்ச்சியான நிகழ்ச்சிதான். ஆனால் வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் தம் ‘ரேஸ் அண்ட் ரீயூனியன்’ நூலில் (2001) காட்டுவதுபோல், இத்தகைய சமரசக் காட்சிகளின் விலை மறதி. இரு தரப்பு வீரமும் சமமாகப் போற்றப்பட்டபோது, அந்தப் போரின் காரணமான அடிமை முறை மேடையிலிருந்து இறங்கிவிட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கோரிக்கையும் அதோடு போயிற்று.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பழைய வீரர்கள் இறந்துவிட்டார்கள். 1961 ஜூலையில், அதே உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவாக மனாசஸ் போர்க்களத்தில் மாபெரும் மீள்நிகழ்த்தல் நடந்தது. இப்போது சீருடை அணிந்தவர்கள் போரைக் காணாத தலைமுறையினர். திரண்ட கூட்டத்துக்கு அது ஒரு திருவிழா. எழுந்த கண்டனங்களுக்குப் பிறகு, அமெரிக்க தேசியப் பூங்காச் சேவை தன் பொறுப்பிலுள்ள போர்க்களங்களில் எதிரெதிர் அணிகள் சுட்டுக்கொண்டு விழும் காட்சிகளை அனுமதிப்பதில்லை என்ற நிலைக்கு வந்தது. ஆயுதங்களைக் கையாளும் செயல்விளக்கம், முகாம் வாழ்க்கை ஆகியவற்றுக்கு அங்கே தடையில்லை.

பிரிட்டனில் பிரிகேடியர் பீட்டர் யங் 1968-இல் ‘சீல்டு நாட்’ சங்கத்தைத் தொடங்கினார். பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரை நடத்திக்காட்டும் சங்கம் அது. அவர் இரண்டாம் உலகப் போரில் கமாண்டோவாகச் சண்டையிட்டவர். படை வரலாறு எழுதியவர். இரண்டாம் உலகப் போரையே மீள நிகழ்த்தும் குழுக்கள் பின்னர் பெருகின. அவற்றில் இராணுவத்தோடு சேர்ந்து ஊர்க்காவல், விமானத் தாக்குதல் காவலர், பண்ணை வேலை செய்த நிலச்சேனைப் பெண்கள் என்று குடிமக்களின் வாழ்க்கையும் இடம்பெற்றது. மீள்நிகழ்த்தலின் போக்கை மாற்றிய திருப்பம் இதுவே.

‘போர்க்காலம்’ என்று ஒரே காலம் இல்லை

பொறுப்போடு பங்கேற்கும் ஒருவரின் வேலை அந்த வார இறுதிக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. எந்த ஆளாக நிற்கப்போகிறோம், எந்த ஊரில், எந்தத் தொழிலில் என்று முடிவு செய்ய வேண்டும். இவற்றைவிடக் கடினமான கேள்வி, எந்த மாதத்தில் நிற்கிறோம் என்பது. ஆறு ஆண்டுப் போரை ஒரே நாளாகக் கரைத்துவிடுவது இந்த விழாக்களில் எளிதாக நேரும் பிழை.

ஓர் எடுத்துக்காட்டு. 1940 மே 14 அன்று போர் அமைச்சர் அந்தோணி ஈடன் வானொலியில் அழைப்பு விடுத்ததும் உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர் படை உருவாயிற்று. தொடக்கத்தில் பலருக்குக் கையில் கட்டிய பட்டைதான் சீருடை. துப்பாக்கி கிடைக்காதவர்கள் ஏராளம். அந்தக் கோடையிலேயே அது ‘ஹோம் கார்டு’ என்று பெயர் மாறிற்று. போர் நீள நீளப் பயிற்சியும் ஆயுதமும் பெற்று, 1944 டிசம்பர் 3 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. அமெரிக்கப் படையினர் ஐக்கிய ராஜ்யத்தின் மண்ணில் இறங்கத் தொடங்கியதோ 1942 ஜனவரியில்தான். ஆகவே கைப்பட்டை மட்டும் கட்டிய தொண்டரும் அமெரிக்கச் சிப்பாயும் ஒரே நடைமேடையில் நின்றால் அது எந்த நாளுமாக இருக்க முடியாது.

சமையலறையிலும் இதே கண்டிப்பு வேண்டும். பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரைக்கு ரேஷன் வந்தது 1940 ஜனவரி 8 அன்று. தேயிலைக்கு அவ்வாண்டு ஜூலையில். துணிக்கு 1941 ஜூன் 1 அன்று; ஓராண்டுக்கு 66 கூப்பன்கள். அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைத்தூள் 1942 கோடைக்குப் பிறகே சாதாரண வீடுகளை எட்டியது. 1940-இன் மேஜையில் முட்டைத்தூள் டப்பா வைத்தால், அது அந்த மேஜையின் உண்மை நிலையை மறைக்கிறது. ரொட்டிக்குப் போர்க்காலம் முழுவதும் ரேஷன் இல்லை. போர் முடிந்தபின் 1946 முதல் 1948 வரைதான் இருந்தது. உணவுப் பங்கீடு முழுமையாக முடிந்தது 1954 ஜூலை 4-இல். வெற்றி நாளின் கொடித் தோரணத்தோடு வார இறுதியை முடித்துக்கொள்ளும் விழாக்கள், வெற்றிக்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் பெண்கள் வரிசையில் நின்றதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

தேதிகளைத் துருவுவது சிலருக்குத் தேவையற்ற கண்டிப்பாகத் தோன்றலாம். எனக்கு அதுவே மீள்நிகழ்த்தலின் மிகப் பெரிய கல்விப் பயனாகத் தெரிகிறது. ஒரு குறிப்பிட்ட மாதத்தில் நிற்க ஒப்புக்கொண்டவர், அந்த மாதத்துக்குப் பின் நடந்தவற்றை மறக்கப் பழகுகிறார். 1940 செப்டம்பரில் நிற்பவருக்கு ஸ்டாலின்கிராட் தெரியாது, நார்மண்டி தெரியாது. இந்தப் போரில் பிரிட்டன் வெல்லும் என்பதும் தெரியாது. ‘தி ஐடியா ஆஃப் ஹிஸ்டரி’ (1946) என்ற நூலில் ஆர். ஜி. காலிங்வுட், வரலாற்றாசிரியர் கடந்தகால மனிதரின் சிந்தனையைத் தம் மனத்தில் மீள நிகழ்த்த வேண்டும் என்று வாதிட்டார். அவர் சொன்னது சீருடை அணிவதைப் பற்றி அல்ல. ஆனால் முடிவு தெரியாமல் முடிவெடுத்த ஒருவரின் இடத்தில் நின்று யோசிக்கும் பயிற்சி இரண்டுக்கும் பொது.

உடல் அறிவது

ரேஷனின் அளவு காலத்துக்குக் காலம் மாறியது. ஆனாலும் வழக்கமான ஒரு வாரத்தில் வயது வந்த ஒருவருக்குச் சுமார் 113 கிராம் பன்றி இறைச்சி, 57 கிராம் வெண்ணெய், 57 கிராம் பாலாடைக்கட்டி, 227 கிராம் சர்க்கரை, 57 கிராம் தேயிலை, ஒரு முட்டை என்ற அளவில் கிடைத்தது. இவற்றை ஒரு தட்டில் வைத்துக் காட்டுவது அருங்காட்சியகத்துக்கும் முடியும். பங்கேற்பாளர் செய்ய வேண்டியது வேறு: நான்கு பேருக்கு அதை வைத்து ஏழு நாள் சமையலைத் திட்டமிடுவது. அப்போதுதான் புலப்படுகிறது, போர்க்காலப் பற்றாக்குறையின் முதன்மைச் செலவு நேரம் என்பது. பதிவு செய்துகொண்ட ஒரே கடையில்தான் வாங்க முடியும். வரிசையில் நிற்க வேண்டும். கூப்பன் கணக்கு வைக்க வேண்டும். தோட்டத்தில் முட்டைக்கோசும் கேரட்டும் பயிரிட வேண்டும். மிச்சத்தை மறுநாளுக்கு மாற்ற வேண்டும். இந்த உழைப்பு கிட்டத்தட்ட முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. அவர்களில் பலர் அதோடு தொழிற்சாலைக்கோ ரயில் நிலையத்துக்கோ வேலைக்கும் போனார்கள்.

உடலைக் கருவியாகக் கொண்டு அறிவது, போர்க்காலத்திலேயே அறிவியலாளர்கள் கையாண்ட முறைதான். 1939 இறுதியில் கேம்பிரிட்ஜில் எல்சி விடோசன், ராபர்ட் மெக்கான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: கப்பல் வழிகள் அடைபட்டு, உள்நாட்டு விளைச்சலை மட்டும் நம்ப வேண்டி வந்தால் மக்கள் உழைக்கும் வலிமையோடு இருப்பார்களா? தங்கள்மீதும் சக ஆய்வாளர்கள்மீதும் கடுமையான ரேஷனை விதித்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு முட்டை, ஏறத்தாழ 450 கிராம் இறைச்சி, மிகக் குறைந்த பால். ரொட்டி, உருளைக்கிழங்கு, காய்கறிக்கு மட்டும் வரம்பில்லை. பிறகு பனிக்காலத்தில் ஏரி மாவட்டத்து மலைகளில் ஏறி உடல் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். உடல் தாங்கியது. சாப்பிட அதிக நேரம் பிடித்தது, வயிற்றில் வாயு மிகுந்தது என்ற தொல்லைகளையும் நேர்மையாகப் பதிவு செய்தார்கள். நாட்டின் உணவுக் கொள்கைக்குத் துணிவு தந்த ஆய்வு அது. ஒரு வார இறுதியில் ரேஷன் உணவை உண்டு பார்ப்பவர் இந்த மரபின் எளிய வாரிசு.

ரயில் பயணமும் அப்படித்தான். 1939 செப்டம்பர் 1 முதல் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் தொடங்கி மூன்று நாட்களில் சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1940-இல் படையெடுப்பு அச்சத்தால் நிலையங்களின் பெயர்ப்பலகைகளையும் அகற்றினார்கள். திரையிட்ட பெட்டியில், மங்கிய விளக்கில், பெயரில்லாத நிலையங்கள் வழியே அந்தியில் ஒரு மணி நேரம் பயணம் செய்து பார்த்தால், பெற்றோரைப் பிரிந்த எட்டு வயதுக் குழந்தைக்குத் திசை தெரியாமல் போவது எப்படி இருந்திருக்கும் என்பதில் ஒரு சிறு பகுதியாவது விளங்கும். அச்சம் முழுமையாக விளங்காது. அச்சத்தை உண்டாக்கிய சூழ்நிலை விளங்கும். இந்த வேறுபாட்டை மறவாத பங்கேற்பாளரே நல்ல பங்கேற்பாளர்.

பழம்பொருள்கள் எச்சரிக்கையும் தருகின்றன. மியூனிக் நெருக்கடியின்போது, 1938-இல், ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் விஷவாயு முகமூடிகள் பிரிட்டிஷ் மக்களுக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பலவற்றின் வடிகட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதனால் அசல் முகமூடிகளை இன்று யாரும், குறிப்பாகப் பள்ளிக் குழந்தைகள், அணிந்து பார்க்கக் கூடாது. பெட்டியைச் சுமக்கலாம்; முகமூடியை முகத்தில் வைக்கக் கூடாது. காப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளே நஞ்சைச் சுமந்திருந்தது என்பது போர் வரலாற்றில் தவறாமல் இடம்பெற வேண்டிய ஒரு செய்தி.

எழுந்து நிற்கும் பிணங்கள்

இனி போர்க்களம். விழாத் திடலில் கயிறு கட்டிய எல்லைக்குள் இரு அணிகள் மோதுகின்றன. வெற்றுத் தோட்டாக்கள் வெடிக்கின்றன, புகை எழுகிறது, சிலர் விழுகிறார்கள். இருபது நிமிடம் கழித்து விழுந்தவர்கள் எழுந்து தூசியைத் தட்டிக்கொள்கிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. ஆயுதத்தின் எடை, கம்பளிச் சீருடையின் உறுத்தல், கட்டளைகளின் ஒழுங்கு எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் போரைப் போராக்குவது எதுவோ அது மட்டும் அங்கே இல்லை. ரேஷன் சமையலில் பற்றாக்குறை உண்மையில் இருக்கிறது. அளவு சிறிதானாலும் அதே வகையைச் சேர்ந்தது. சண்டைக் காட்சியில் சாவு அறவே இல்லை. எனவே விவரங்கள் எவ்வளவு துல்லியமாகின்றனவோ, அவ்வளவுக்குப் பொய் வலுப்பெறுகிறது.

எதிரியின் சீருடை இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. வடக்கு யார்க்‌ஷையர் பாதையில் லெவிஷாம் என்ற சிறு நிலையம், ‘லெ விஷாம்’ என்ற பெயரில் ஜெர்மானியர் பிடித்துவைத்த பிரெஞ்சுக் கிராமமாக வேடமிட்டு வந்தது. இத்தகைய விழாக்களில் ஜெர்மானியச் சீருடைகளுக்கு இடம் உண்டா என்ற விவாதம் பிரிட்டனில் பலமுறை எழுந்தது, எஸ்.எஸ். சீருடைகளையும் நாஜிச் சின்னங்களையும் பல அமைப்பாளர்கள் தடை செய்தார்கள். எதிரி இல்லாமல் போரைக் காட்ட முடியாது என்பது மறுதரப்பின் வாதம். தடையே சரி என்பது என் முடிவு. எஸ்.எஸ். சீருடையின் பொருள் அந்தத் துணியின் வெட்டில் இல்லை. அந்த அமைப்பு நடத்திய கொலை முகாம்களில் இருக்கிறது. முகாமைக் காட்ட முடியாத இடத்தில் சீருடையை மட்டும் காட்டினால் மிடுக்குதான் மிஞ்சும். அந்த முகாம்களில் உறவினரை இழந்த ஒருவர் அதே நடைமேடையில் பயணியாக நிற்கக்கூடும் என்பதே போதுமான காரணம்.

இறந்தவர்களை மதிப்போடு நினைவுகூர வேறு வழி உண்டு என்பதை 2016 ஜூலை 1 அன்று கலைஞர் ஜெரெமி டெல்லர் காட்டினார். முதல் உலகப் போரில் நடந்த சோம் சண்டையின் முதல் நாளில் மட்டும் 19,240 பிரிட்டிஷ் படையினர் இறந்தார்கள். நூறாண்டு கழித்து, அதே நாளில், சுமார் 1,400 தன்னார்வலர்கள் முதல் உலகப் போர்ச் சீருடையில் பிரிட்டன் நகரங்களின் ரயில் நிலையங்களிலும் கடைவீதிகளிலும் முன்னறிவிப்பின்றித் தோன்றினார்கள். அவர்கள் சண்டையிடவில்லை, பேசவும் இல்லை. யாராவது நெருங்கினால் ஓர் அட்டையை நீட்டினார்கள். அந்த நாளில் இறந்த ஒரு வீரரின் பெயரும் படைப்பிரிவும் அதில் இருந்தன. சாவை நடிக்க மறுத்ததாலேயே அந்த நிகழ்ச்சி சாவைப் பற்றிப் பேச முடிந்தது.

57 கிராம் தேயிலையின் பாதை

சமையலறையே உண்மையானது என்றேன். ஆனால் அந்தச் சமையலறையும் தன் எல்லைகளைக் கேள்வி கேட்க வேண்டும். மேஜையில் இருக்கும் 57 கிராம் தேயிலை, நாளுக்கு எட்டு கிராம், எங்கிருந்து வந்தது? 1942-இல் ஜப்பான் ஜாவாவையும் சுமத்ராவையும் கைப்பற்றியபின், பிரிட்டனின் தேநீர் முன்னெப்போதையும்விட இந்தியாவையும் இலங்கையையும் நம்பியிருந்தது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5-இல் கொழும்பிலும் 9-இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பிரிட்டனின் மனவுறுதிக்குச் சின்னமாக விழாக்களில் பரிமாறப்படும் தேநீர்க் கோப்பையில் அவர்களின் உழைப்பும் அடங்கியிருக்கிறது.

கோப்பைக்கு அப்பால் வங்காளம் இருக்கிறது. பங்கீட்டு முறை பிரிட்டனைப் பட்டினியிலிருந்து காத்தது. ஏழைக் குழந்தைகள் பலர் முன்பைவிடச் சத்தான உணவு உண்டார்கள். அதே பேரரசின் கீழ், 1943-இல், வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் பஞ்சத்தில் மடிந்தார்கள். அதே போரில் 25 லட்சம் இந்தியர்கள் படையில் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். நாம் இன்று அறிந்த ரேஷன் கடையின் வேர்களும் அந்தப் போர்க்காலத்தில்தான் இருக்கின்றன. ஒரு தீவு தனித்து நின்றது என்ற கதையை மட்டும் சொல்லும் வார இறுதி, கெட்டிஸ்பர்க் கைகுலுக்கலின் மறதியைத் திரும்பச் செய்கிறது.

இந்த மறதி பிரிட்டனோடு நிற்பதில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஆண்டுதோறும் குவாய் நதிப் பால வாரம் கொண்டாடப்படுகிறது. பாலத்தின்மீது நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசியதை ஒலி-ஒளிக் காட்சியாக நடத்துகிறார்கள். அந்தப் பாலம் 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையின் ஒரு பகுதி. அந்தப் பாதையைக் கட்டும் பணியில் சுமார் 60,000 போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமான ஆசியத் தொழிலாளர்களும் வதைக்கப்பட்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, பெயர் பொறித்து நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. வாணவேடிக்கையில் பாலம் எரியும்போது, அதைக் கட்டியவர்களைப் பற்றிப் பார்வையாளர் எதுவும் அறிவதில்லை. குண்டு வெடிப்பைக் காட்டுவது எளிது. காலராவையும் கஞ்சியையும் காட்டுவது கடினம். வரலாறு இருப்பதோ அங்கே.

பங்கேற்பவரின் கடமை

இவ்வளவுக்குப் பிறகும் நான் மீள்நிகழ்த்தலின் பக்கமே நிற்கிறேன். 1940-இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் நேரடி நினைவு நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஆவணங்கள் இருக்கின்றன: 1937-இல் தொடங்கிய மாஸ்-அப்சர்வேஷன் அமைப்புக்குச் சாதாரண மக்கள் எழுதி அனுப்பிய நாட்குறிப்புகள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளன. பாரோ நகரத்து இல்லத்தரசி நெல்லா லாஸ்டின் நாட்குறிப்பு அவற்றில் புகழ்பெற்றது. பிபிசி 2003 முதல் 2006 வரை திரட்டிய போர்க்கால நினைவுகள் சுமார் 47,000. இவற்றைப் படிக்க ஒருவரைத் தூண்டும் ஆற்றல் ஒரு வார இறுதிக்கு உண்டு. அந்த ஆற்றலை வீணாக்கக் கூடாது.

ஆகவே பங்கேற்பவரிடமும் அமைப்பாளரிடமும் சிலவற்றைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு உண்மையாக இருங்கள். கற்பனை வீரனைவிட, நாட்குறிப்பு எழுதிய ஒரு பெண்ணைப் பின்பற்றுங்கள். பிற்பகல் சண்டைக் காட்சிக்கு ஒதுக்கும் நேரத்தை, குண்டு வீழ்ந்த தெருவில் இடிபாடுகளைத் தோண்டிய மீட்புக் குழுவின் கருவிகளையும் முறைகளையும் விளக்குவதற்குக் கொடுங்கள். ரேஷன் மேஜையில் ஒவ்வொரு பொருளும் எந்த நாட்டிலிருந்து, யாருடைய கையால் வந்தது என்று எழுதி வையுங்கள். முதியவர் ஒருவர் அந்த மேஜையைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், நடிப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள்.

போரை நடித்துக் காட்டுவதால் போர் புரியாது. போரின்போது மனிதர்கள் எப்படிச் சமைத்தார்கள், எப்படிக் காத்திருந்தார்கள், யாருடைய உழைப்பில் உயிர் வாழ்ந்தார்கள் என்று செய்து பார்ப்பவருக்கு, அடுத்த போரை ஆதரித்து எழும் முழக்கத்தைக் கேட்கும்போது அதன் விலையைக் கணக்கிடும் பழக்கம் வந்திருக்கும். ஒரு வார இறுதியிடம் அதைவிடப் பெரிய பயனை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதற்குக் குறைவானதில் நிறைவடையவும் கூடாது.